மேற்கு யன்னலுக்கு இருட்டு பிளைண்ட்: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ரோலர் பிளைண்ட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது டிசைன் புத்தகத்தைத்தான். இலை, பூ, கட்டம், கோடு என்று பக்கம் பக்கமாக இருக்கும். பிடித்ததில் விரலை வைத்து, யன்னல் அளவை வாயாலே சொல்லி, முற்பணமும் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். எல்லாம் பூட்டி முடிந்த பிறகு ஒரு மத்தியானம் கதவைச் சாத்திப் படுத்தால், பிளைண்டின் இரண்டு ஓரத்தாலும் வெயில் கோடு கிழித்த மாதிரி உள்ளே விழுந்திருக்கும். துணியில் குறையிருக்காது. அளவும் பூட்டிய இடமும்தான் பிழைத்திருக்கும்.

அதனால் இந்தக் கட்டுரையில் டிசைன் கொஞ்சம் பின்னுக்குத்தான் வரும். எந்த யன்னல், எங்கே பூட்டுவது, என்ன அளவு, எப்படிப்பட்ட துணி என்று முடிவெடுத்த பிறகு பூவைப் பார்க்கலாம்.

புதியவர்களுக்காக உறுப்புகளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மேலே ஓர் அலுமினியக் குழாய், அதில் சுற்றிய துணி. குழாயின் ஒரு முனையில் மணிச் சங்கிலி ஓடுகிற கிளட்ச், மற்ற முனையில் சும்மா சுழலுகிற ஊசி. இரண்டையும் தாங்க இரண்டு பிராக்கெட். துணி நேராகத் தொங்கக் கீழ் விளிம்பில் பாரமாக ஓர் அடிப்பட்டி. இவ்வளவுதான் சாமான்.

எந்த யன்னலுக்கு வேண்டும்

நம் ஊரில் யன்னல் வைத்ததே காற்றுக்குத்தான். சோளகம் வீசுகிற மாதங்களில் யன்னலைத் திறந்துவிட்டால் ஃபான் கூடத் தேவைப்படாத வீடுகள் உண்டு. இருட்டுத் துணியோ வெளிச்சத்தை மறிக்கிற மாதிரியே காற்றையும் மறிக்கும். திறந்த யன்னலில் இறக்கிவிட்டால் துணி உப்பும், உள்வாங்கும். அடிப்பட்டி போய் யன்னல் கம்பியில் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் துணியின் ஓரம் பிசிறிவிடும். ஆகவே பகலில் யன்னலைச் சாத்தி வைக்கிற அறைக்குத்தான் இது சரி. ஏசி பூட்டிய படுக்கை அறை, வைத்தியசாலையில் இரவுக் கடமை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவரின் அறை, வெளிநாட்டு அலுவலகத்துக்கு இரவிரவாகக் கணினியில் வேலை செய்கிறவரின் அறை, கைக்குழந்தை இருக்கிற அறை. வீட்டில் இருக்கிற 12 யன்னலுக்கும் ஒரே டிசைனில் அடிக்க வேண்டும் என்று குடிபூரலுக்கு முதல் ஓர் ஆசை வரும். விறாந்தைக்கும் குசினிக்கும் அதைத் தவிர்த்துவிடுங்கள். குசினியில் எண்ணெய்ப் புகை துணியில் படிந்து, அதன்மேல் தூசு ஒட்டிப் பிசுபிசுத்துவிடும். கழற்றித் தோய்க்கவும் முடியாது.

பழைய வீட்டுப் பலகை யன்னல் உள்ளவர்கள் ஒரு மத்தியானம் அதைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பாருங்கள். முக்கால்வாசி இருட்டு ஏற்கெனவே கிடைத்துவிடும். இடுக்கால் வருகிற வெளிச்சத்துக்குத் தடித்த சீலை ஒன்று போதும். கண்ணாடி யன்னல் வந்த பிறகுதான் இந்தப் பிளைண்டுக்கே வேலை வந்தது.

திசையையும் பாருங்கள். மேற்கு யன்னல்தான் முதல் எதிரி. பின்னேரம் 3 மணிக்குப் பிறகு வெயில் சாய்ந்து, மேலே இருக்கிற சன்ஷேட்டுக்குக் கீழால் நுழைந்து நேரே கட்டிலில் விழும். கிழக்கு யன்னல் காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். வருடம் முழுக்க ஏறத்தாழ 6 மணிக்கு முன்பின்னாகத்தான் சூரியன் உதிக்கிறது. பலர் கணக்கில் எடுக்காமல் விடுவது வடக்கு யன்னலை. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வந்து, அதைத் தாண்டி வடக்கே போய்விடும். திரும்ப உச்சிக்கு வருவது ஓகஸ்ட் கடைசியில். இடைப்பட்ட நான்கு மாதத்துக்கும் மேலாகக் காலையிலும் பின்னேரத்திலும் வடக்குச் சுவரில் வெயில் சரிவாக விழும். மார்கழியில் வீட்டைப் பார்த்து, "வடக்குப் பக்கம் வெயிலே இல்லை" என்று முடிவெடுத்தவர்கள் ஆனியில் வந்து பார்க்க வேண்டும். தெற்கு யன்னலுக்கு இது மறுவளம். மழைக்காலத்தோடு ஒட்டிய மாதங்களில்தான் அங்கே வெயில் உள்ளே வரும்.

சூட்டைப் பற்றி ஒரு விஷயம். பிளைண்ட் அறையை இருட்டாக்கும், ஆனால் அறையைக் குளிராக்கிவிடாது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத்தான் அது மறிக்கிறது. துணியின் வெள்ளைப் பின்பக்கம் அதில் ஒரு பங்கைத் திரும்ப வெளியே அனுப்பும், மீதி துணியையும், துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருக்கிற காற்றையும் சூடாக்கும். வெளியே ஒரு வேம்போ, பத்தி இறக்கிய கூரையோ செய்கிற வேலையை எந்தத் துணியாலும் செய்ய முடியாது. ஏசி ஓடுகிற அறையில் பாரம் குறையும், அவ்வளவுதான்.

பள்ளத்துக்குள்ளா, சுவருக்கு மேலா

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு. நிலைக்குள், அதாவது சுவரின் பள்ளத்துக்குள்ளேயே பிளைண்டை அடக்கலாம். அல்லது யன்னலுக்கு வெளிப்புறமாக அறைச் சுவரில் பூட்டி, யன்னலை முழுதாக மூடலாம்.

பள்ளத்துக்குள் பூட்டினால் பார்க்க அழகு. ஆனால் கிளட்சும் ஊசியும் பிராக்கெட்டும் இடம் பிடிப்பதால், துணி எப்போதும் மொத்த அகலத்தைவிட 3 முதல் 4 சென்ரிமீற்றர் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி நிச்சயம். அந்த இடைவெளியால் வருகிற மேற்கு வெயில் ஒன்றே அறையை வெளிச்சமாக்கப் போதும். எவ்வளவு விலை கொடுத்த துணியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. இருட்டுக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் சுவருக்கு மேலே பூட்டுங்கள். இரண்டு பக்கமும் 4 அங்குலம், மேலே 4 அங்குலம், கீழே 4 அங்குலம் துணி கூடுதலாக மூடட்டும். பக்கத்தில் அலுமாரி, சுவிட்ச், ஏசிக் குழாய், சுவர் மூலை என்று இடம் விடாத யன்னல்களும் உண்டு. அங்கே 2 அங்குலமாவது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளத்துக்குள்தான் பூட்ட முடியும் என்ற நிலை வந்தால் இரண்டு வழி. ஒன்று, உள்ளே பிளைண்ட், அதற்கு மேலால் இப்போது தொங்குகிற யன்னல் சீலையையே விட்டுவிடுவது. சீலை ஓர இடைவெளியை மறைக்கும், காசும் மிச்சம். மற்றது, ஓரத்து இடைவெளியை மறைக்கிற தவாளிப்புப் பட்டி போடுவது. கம்பனிகள் விற்கிற பட்டி கிடைக்காவிட்டால், அலுமினிய யன்னல் செய்கிற பட்டறையில் எல் வடிவப் பட்டியை உங்கள் உயரத்துக்கு வெட்டித் தருவார்கள். அதைத் துணியின் ஓரத்துக்கு முன்னால், துணியில் முட்டாதபடி நிலையில் பூட்டிவிட்டால் வெளிச்சக் கோடு பெரும்பாலும் போய்விடும்.

இன்னொன்று, யன்னல் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். வெளியே திறப்பதும் பக்கவாட்டில் நகர்வதும் தொல்லையில்லை. உள்ளே திறக்கிற கதவென்றால், சுற்றிய பிளைண்டுக்குக் கீழால் கதவின் மேல் விளிம்பு போய்வர வேண்டும். 6 அடித் துணியைச் சுற்றினால் உருளை இரண்டு, இரண்டரை அங்குலத் தடிப்புக்கு வரும். அந்த அளவு இடம் மேலே இல்லாவிட்டால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் துணியில் உரசும். நகர்கிற அலுமினிய யன்னலின் பூட்டு உள்ளே துருத்திக்கொண்டிருந்தால், பள்ளத்துக்குள் இறங்குகிற துணி அதில் தட்டும்; அதையும் அளந்து வையுங்கள்.

யன்னலுக்கு மேலே இருக்கிற காற்றுத் துவாரம் வேறு கதை. கீழே எவ்வளவு இருட்டாக்கினாலும் அதனால் வெளிச்சம் கூரையில் விழுந்து பரவும். ஏசி இல்லாத அறையில் அதை அடைத்துவிடாதீர்கள், சூடான காற்று போவதற்கு அதுதான் வழி. துவாரத்தைவிடக் கொஞ்சம் பெரிய பலகை ஒன்றைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளிப் பூட்டினால் காற்று சுற்றிப் போகும், வெளிச்சம் நேராக வராது. சுவரின் நிறத்தையே பலகைக்கும் அடித்துவிட்டால் கண்ணில் படாது.

அளவு எடுத்தல்

தையல் நாடாவால் அளக்க வேண்டாம், அது இழுபடும். மேசன்மார் வைத்திருக்கிற இரும்பு நாடா வேண்டும். கூட ஓர் ஆளும், ஒரு கடதாசியும்.

பள்ளத்துக்குள் என்றால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளவுங்கள். பூச்சு வேலை எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. மேலே 47¾ அங்குலம், நடுவில் 47½, கீழே 47⅞ என்று வந்தால், கொடுக்க வேண்டியது மிகக் குறைந்த 47½. கொடுக்கும்போது "இது பள்ளத்தின் அளவு" என்று எழுதிக் கொடுங்கள். பிராக்கெட்டுக்காகக் கழிக்க வேண்டியதைச் செய்கிறவர் கழிப்பார். நீங்களும் வீட்டில் ஒருமுறை கழித்து, அவரும் பட்டறையில் ஒருமுறை கழித்தால் இடைவெளி இரட்டிப்பாகிவிடும். உயரத்தையும் மூன்று இடத்தில் எடுங்கள். அதில் மிகக் கூடியதைக் கொடுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. இரண்டுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் யன்னல் சதுரமாக இல்லை. அதற்குச் சுவருக்கு மேலே பூட்டுவதுதான் நல்லது.

சுவருக்கு மேலே என்றால் கணக்கு சுலபம். யன்னல் வாய் 48 அங்குல அகலம், 60 அங்குல உயரம் என்று வைப்போம். இரு பக்கமும் 4, மேலும் கீழும் 4 சேர்த்தால் 56 அகலம், 68 உயரம். இங்கே "துணியின் அகலம் 56" என்று எழுத வேண்டும். பிராக்கெட்டோடு சேர்த்து மொத்தம் அதைவிட ஒன்றரை அங்குலம் அளவில் கூடும், அதற்கும் சுவரில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். யன்னலுக்குக் கீழே படி வெளியே துருத்திக்கொண்டிருந்தால், அடிப்பட்டி படியில் வந்து உட்காரும்படி உயரத்தைக் குறையுங்கள். அது நல்லதுதான், கீழால் வெளிச்சம் வராது.

எப்போதும் அகலம் முதலில், உயரம் பிறகு. அலகையும் எழுதுங்கள். மேசனும் தச்சரும் அங்குலத்தில் பேசுவார்கள், பிளைண்ட் செய்கிற இடத்தில் மில்லிமீற்றரில் வெட்டுவார்கள். 48 அங்குலம் 1219 மில்லிமீற்றர். இதை மாற்றுவது அவர்களுடைய வேலையாகவே இருக்கட்டும்.

துணி

கடையில் காட்டுகிற துணிகள் மூன்று வகைக்குள் அடங்கும். வெளிச்சத்தை வடிகட்டி விடுவது, மங்கலாக்குவது, முழுக்க மறிப்பது. இரண்டாவதை டிம்அவுட் என்பார்கள், மூன்றாவதை பிளாக்அவுட் என்பார்கள். கடை வெளிச்சத்தில் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எனவே கேட்டு வாங்குங்கள்: "அண்ணை, இது டிம்அவுட்டோ, பிளாக்அவுட்டோ?" பதில் எதுவானாலும் கைத்தொலைபேசியின் டோர்ச்சைத் துணிக்குப் பின்னால் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். டிம்அவுட்டில் வெளிச்சம் ஒரு வட்டமாகத் தெரியும். நல்ல பிளாக்அவுட்டில் ஒன்றுமே தெரியாது. நடுத்தரமானதில் வெள்ளி பூத்த மாதிரி ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகள் மேற்கு வெயிலில் பத்து மடங்காகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துணி எப்படி வெளிச்சத்தை மறிக்கிறது என்று தெரிந்தால் தேர்வு சுலபமாகும். பெரும்பாலும் பொலியெஸ்டர் நெசவின் பின்பக்கத்தில் நுரைப் பூச்சை அடுக்கடுக்காகப் பூசுவார்கள். நடுவில் ஒரு கறுப்பு அடுக்கு, அதற்கு மேலும் கீழும் வெள்ளை. மறிக்கிற வேலை கறுப்பு அடுக்குடையது. அது முன்பக்கத்தில் தெரியாமலும் வெளியே சூட்டை இழுக்காமலும் இருக்கத்தான் வெள்ளை. டிசைன் அச்சாவது நெசவின் முன்பக்கத்தில். ஆக எந்தப் பூவாக இருந்தாலும் தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு வெள்ளை மட்டும்தான் தெரியும். கண்ணாடி நாரில் பிவிசி பூசிய துணியும் உண்டு. அது பாரம் கூடியது, ஈரத்துக்கு நன்றாகத் தாக்குப் பிடிக்கும்.

மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி மூன்று வேலை செய்து பாருங்கள். மூலையை மடித்து நகத்தால் அழுத்தி விரியுங்கள். மடிப்பில் பூச்சு வெடித்து வெளிச்சக் கோடு தெரிந்தால் அது நீண்ட நாள் வராது. ஈரமான வெள்ளைத் துணியால் அச்சில் நன்றாகத் தேயுங்கள். சாயம் ஒட்டக் கூடாது. பிறகு முகர்ந்து பாருங்கள். சாத்திய அறையில் தூங்கப் போகிறீர்கள், பெயின்ற் மணம் தலையிடி தரும்.

இனி டிசைன்

பிளைண்ட் டிசைனை மேலே தூக்கிய நிலையிலும் கற்பனை செய்து பார்க்க வேண்டும். படுக்கை அறைப் பிளைண்ட் பகலில் பாதி நேரம் பாதிக்கு மேல் சுற்றியபடிதான் இருக்கும். அப்போது தெரிவது துணியின் கீழ்ப்பகுதி மட்டும். பெரிய மரம், அருவி, சூரிய அஸ்தமனம் என்று ஒரே படமாக வருகிற துணியில் கீழே வெறும் புல்லும் மண்ணும்தான் இருக்கும். சிறிய உருக்கள் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிற டிசைன் எந்த உயரத்தில் நிறுத்தினாலும் முழுமையாகத் தெரியும். பனையோலைப் பின்னல் போன்ற குறுக்குக் கோடுகள், சின்ன இலைகள், ஒரே நிறத்தில் இழையோடுகிற கட்டங்கள் எல்லாம் இந்த வகை. விரும்பிய படத்தையே அச்சிட்டுத் தருகிறவர்களும் உண்டு. குடும்பப் படத்தை அச்சிட்டால் சுருட்டும்போது தலைகள் முதலில் மறைந்து, கடைசியில் கால்கள் மட்டும் மிஞ்சும். சாமி படத்தைச் சுருட்டி ஏற்றுவது வீட்டுப் பெரியவர்களுக்குப் பிடிக்காது. இரண்டையும் சுவருக்கே விட்டுவிடலாம்.

சுற்றுகிற விதத்தை டிசைனோடு சேர்த்து முடிவெடுங்கள். சாதாரண முறையில் துணி குழாயின் பின்பக்கத்தால், கண்ணாடியோடு ஒட்டி இறங்கும். இடைவெளி குறைவு, இருட்டு கூட. ஆனால் மேலே சுற்றியிருக்கிற உருளையில் துணியின் வெள்ளை முதுகுதான் வெளியே தெரியும். கீழே பூவும் மேலே ஒரு வெள்ளை உருளையுமாக நிற்கும். முன்பக்கத்தால் இறங்குகிற மாதிரிச் சுற்றினால் உருளையிலும் பூ தெரியும், குழாய் மறையும். அதற்கு ஈடாகத் துணி கண்ணாடியிலிருந்து தள்ளி நிற்கும். நான் சொல்வது, படுக்கை அறைக்குச் சாதாரண முறையே போதும். வெள்ளை உருளையை மறைக்க மேலே ஒரு பெட்டி மூடி கேளுங்கள். அந்த மூடி மேலால் வருகிற வெளிச்சத்தையும் மறிக்கும், பல்லியும் உள்ளே குறைவாகத்தான் போகும்.

அகலமான யன்னலில் ஒரு சிக்கல் வரும். துணி ஒரு குறிப்பிட்ட அகலச் சுருளில்தான் வருகிறது. யன்னல் அதைவிட அகலமென்றால், வெறும் நிறத் துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டிச் சமாளிக்கலாம். டிசைன் துணியைத் திருப்பினால் கொடிகள் படுத்துக்கிடக்கும். அப்படிப்பட்ட யன்னலுக்கு இரண்டு பிளைண்டாகப் பிரிப்பதுதான் வழி. பிரிக்கும்போது நடுவில் ஓர் இடைவெளி வரும். அது யன்னலின் நடுச் சட்டத்துக்கு நேரே வருகிற மாதிரிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு யன்னல் இருந்தால் பூக்கள் ஒரே உயரத்தில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் துணி வீணாகாமல்தான் வெட்டுவார்கள், அதில் பிழை சொல்லவும் முடியாது.

கட்டளை கொடுக்கும்போது

விலை பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. நமது 56க்கு 68 அங்குலப் பிளைண்ட் 26.4 சதுர அடி வரும். 56ஐ 68ஆல் பெருக்கி 144ஆல் பிரித்தால் சரி. ஆகக் குறைந்த சதுர அடி என்று ஏதும் வைத்திருக்கிறார்களா, பூட்டுகூலியும் மூடியும் விலைக்குள் அடக்கமா என்று முதலே கேளுங்கள். சின்ன யன்னல்களுக்கு இந்தக் குறைந்த அளவு விதிதான் விலையைக் கூட்டுகிறது.

துண்டில் ஒவ்வொரு யன்னலுக்கும் ஒரு வரி இருக்கட்டும். அறையின் பெயர், அகலம், உயரம், பள்ளமா சுவரா, சங்கிலி வலமா இடமா, எந்தப் பக்கத்தால் துணி இறங்குகிறது, டிசைன் எண், அடிப்பட்டியின் நிறம். சங்கிலி எந்தப் பக்கம் என்பதைக் கட்டில் எங்கே போடப்போகிறீர்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். குருநகர், பருத்தித்துறை, தீவுப் பகுதி என்று கடலோரத்தில் இருக்கிறவர்கள் துருப்பிடிக்காத உருக்குச் சங்கிலி அல்லது பிளாஸ்டிக் சங்கிலி கேளுங்கள். முலாம் பூசிய இரும்புச் சங்கிலி உப்புக் காற்றில் செந்தூள் விட்டு, வெள்ளைத் துணியில் கறை இழுத்துவிடும். திருகாணிக்கும் அதே கதைதான்.

லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து வருகிற சொந்தக்காரரிடம் சொல்லி வாங்குகிறவர்களும் உண்டு. ஆயத்தமாக விற்பது குறிப்பிட்ட சில அகலங்களில்தான். அகலத்தைக் குழாயோடு சேர்த்து வெட்டிக் குறைக்கலாம், உயரத்தைக் கூட்ட முடியாது. பல விமானங்களில் பொதியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். 120 சென்ரிமீற்றர் பிளைண்டின் பெட்டி அதற்குள் அடங்கும், 180 அடங்காது. மடித்துக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள், பூச்சு மடிப்பில் வெடித்துவிடும்.

பூட்டுதல்

ஹமர் டிறில், 6 மில்லிமீற்றர் கல் ஊசி, அதே அளவு றோல் பிளக், திருகாணி, நீர்மட்டம், பென்சில், ஏணி. ஏணியைப் பிடிக்க ஓர் ஆள்.

முதலில் யன்னலுக்கு மேலே சுவர் என்ன வகை என்று பாருங்கள். புது வீடுகளில் யன்னல் வாய்க்கு மேலே கொங்கிறீட் லிண்டல் ஓடும். டிறில் அங்கே மெதுவாகத்தான் இறங்கும். அவசரப்பட்டு அமத்தினால் ஊசி சூடாகி மழுங்கும். கொஞ்சம் இறக்கி, எடுத்து, தூளைத் தட்டி, திரும்ப இறக்குங்கள். கம்பியில் முட்டினால் ஓர் அங்குலம் தள்ளி வேறு இடம். பழைய சுண்ணாம்புச் சுவரில் இதற்கு நேர்மாறு. ஊசி வெண்ணெயில் போவது போல் போகும், துளை பெரிதாகிவிடும், பிளக் சுற்றும். அந்தச் சுவரில் பிராக்கெட்டை நேரடியாகப் பூட்டாமல், யன்னலைவிட நீளமான மரச் சட்டம் ஒன்றை நாலைந்து இடத்தில் நீளத் திருகாணியால் இறுக்கி, அந்தச் சட்டத்தில் பிராக்கெட்டைப் பூட்டுங்கள். சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்க வேண்டாம், வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

ஒரு பிராக்கெட்டின் இடத்தைக் குறித்து, நீர்மட்டம் வைத்து மற்றதைக் குறியுங்கள். யன்னல் நிலையின் மேல் விளிம்பை மட்டமாக நம்ப வேண்டாம். நிலை சரிந்திருந்தாலும் பிளைண்ட் மட்டமாகத்தான் நிற்க வேண்டும். துளையை 4 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, தூளை ஊதி எடுத்து, பிளக்கைச் சுவரோடு மட்டமாகத் தட்டுங்கள். பிராக்கெட்டை இறுக்கிய பிறகு சங்கிலிப் பக்கத்தை முதலில் மாட்டி, மறுபக்க ஊசியை உள்ளே அமத்தி மற்றப் பிராக்கெட்டில் விடுங்கள். சொடுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். கையால் கீழே இழுத்துப் பார்த்து, கழராது என்று தெரிந்த பிறகு ஏணியிலிருந்து இறங்குங்கள்.

சரி, இப்போது முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள். துணி ஒரு பக்கமாக ஓடி பிராக்கெட்டில் உரசுகிறதா? முதலில் மட்டத்தைத் திரும்பப் பாருங்கள். மட்டம் சரியென்றால், துணியை முழுக்க இறக்கி, அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் குழாயில் இரண்டங்குல ஒட்டு நாடா ஒன்றைச் சுற்றி ஒட்டுங்கள். அந்தப் பக்கம் ஒரு மயிரிழை தடிப்பாகி, துணி நடுவுக்குத் திரும்பும். போதாவிட்டால் இன்னொரு சுற்று. இறக்கும்போது குழாயில் ஒரு சுற்றாவது துணி மிச்சம் இருக்கிற இடத்தில் சங்கிலித் தடுப்பு மணியைப் போடுங்கள். கடைசி வரைக்கும் இறக்கினால் துணி மறுவளமாகச் சுற்றத் தொடங்கும்.

மறுநாள் மத்தியானம் லைற்றை அணைத்து, கதவைச் சாத்தி, கண் பழகும்வரை ஐந்து நிமிடம் கட்டிலில் படுத்திருந்து பாருங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறது என்று படுத்த இடத்திலிருந்துதான் சரியாகத் தெரியும். கதவின் கீழ் இடுக்கும் அப்போது அகப்படும்.

சங்கிலியும் சின்னப் பிள்ளைகளும்

இதில் விளையாட்டு வேண்டாம். தொங்குகிற சங்கிலி வளையம் சின்னப் பிள்ளையின் கழுத்தில் மாட்டினால் சத்தமே வராது, சில நிமிடத்தில் உயிர் போய்விடும். பிளைண்டோடு ஒரு சிறிய பிளாஸ்டிக் பிடி வரும். சங்கிலியை இழுத்து அதில் மாட்டிச் சுவரில் திருகாணியால் பூட்டத்தான் அது. பலர் வேண்டாத சாமான் என்று எறிந்துவிடுகிறார்கள். கட்டாயம் பூட்டுங்கள், பூட்டுகிற ஆளிடம் நின்று பூட்டுவியுங்கள். சங்கிலி தளர்ந்து தொங்கக் கூடாது. ஐரோப்பியத் தரத்தில் தொங்குகிற சங்கிலியின் கீழ்முனை நிலத்திலிருந்து குறைந்தது 1.5 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். தொட்டிலையும், பிள்ளை ஏறக்கூடிய கதிரை, மேசையையும் சங்கிலிப் பக்கத்தில் வைக்காதீர்கள். கைக்குழந்தையின் அறைக்கு, வசதியிருந்தால், சங்கிலியே இல்லாத பற்றரி மோட்டர் வகை நல்லது. மின்சாரத்தை நம்பாமல் சார்ஜில் ஓடும் என்பதால் மின்வெட்டு நேரத்திலும் தூக்கிவிட்டு யன்னலைத் திறக்கலாம்.

துப்புரவு

தோய்க்கக் கூடாது, மடிக்கக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை முழுக்க இறக்கி, காய்ந்த மெல்லிய துணியால் மேலிருந்து கீழே துடைத்தால் போதும். வலிகாமத்துச் செம்மண் புழுதி விழுகிற வீடுகளில் ஈரத் துணியை முதலில் வைக்காதீர்கள். புழுதி சேறாகி வெள்ளை முதுகில் ஊறிவிடும். கறையைத் துடைக்க வேண்டி வந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் பாவியுங்கள். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கடும் நிற அச்சில் காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் யன்னலால் சாரல் அடித்து நனைந்த துணியை அப்படியே சுருட்டி ஏற்றிவிடுவதுதான் பூஞ்சணம் பிடிக்க முதல் காரணம். இறக்கியபடியே ஃபானைப் போட்டுக் காயவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். நீண்ட நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வந்ததும் குழாயின் முனைகளைப் பாருங்கள். அங்கே குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டியிருந்தால், சங்கிலியை இழுத்தாலும் அசையாது. அப்போது பலத்தைக் காட்டி இழுக்க வேண்டாம். பிளைண்டைக் கழற்றி, குழாயின் முனையைத் தட்டி மண்ணை உதிர்த்துவிட்டு மாட்டுங்கள்.

முதலில் கெடுவது அநேகமாகக் கிளட்ச்தான், துணி அதற்குப் பிறகும் நன்றாக இருக்கும். அதை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம், ஆனால் குழாயின் விட்டமும் பிராக்கெட்டின் வகையும் பொருந்த வேண்டும். கட்டளைத் துண்டையும், மிச்சத் துணி ஒரு துண்டையும் கேட்டு வாங்கி, மின்சார பில் வைக்கிற கோவைக்குள் போட்டு வையுங்கள்.